விட்டுக்கொடுத்தவர் யார்? தனித்தொகுதியைத் துறந்த வரலாறும் இந்தியத் திருச்சபையின் பொதுவாழ்வும்

இந்தியக் கிறிஸ்தவர்கள் நாட்டின் பொதுவாழ்வில் ஆற்றிய பங்கைக் குறித்து நம் மேடைகளில் பேசப்படும்பொழுதெல்லாம் ஒரு நிகழ்ச்சி தவறாமல் எடுத்துரைக்கப்படுகிறது. விடுதலை பெற்ற இந்தியாவுக்கு அரசியல் சட்டம் வகுக்கப்பட்ட காலத்தில், சட்டமன்றங்களில் தங்களுக்கென ஒதுக்கப்படவிருந்த இடங்களைக் கிறிஸ்தவத் தலைவர்கள் தாமே முன்வந்து துறந்தார்கள் என்பதே அது. குடியரசு நாள் ஆராதனைகளில் நாமும் இதனைப் பெருமையோடு கூறியிருக்கிறோம். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கிய செயலைப் பற்றிப் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய பகுதியை இதனோடு ஒப்பிட்டுப் பிரசங்கித்ததும் உண்டு. அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கேள்வி நம் உள்ளத்தில் முதன்முதல் எழுந்தது, ஒரு கிராமச் சேகரத்தில் ஆயராகப் பணியாற்றிய நாட்களில். வாலிபர் ஒருவர் மாலை ஆராதனை முடிந்தபின் தனித்து நின்று, தம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமென்றும், ஆனால் பதிவேட்டில் பெயரை எழுத வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே அந்தத் தெரு முழுவதும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டிருந்தது. அவரோ சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், ஆலயத்தில் கிறிஸ்தவர். பதிவேட்டின் நகல் வட்டாட்சியர் அலுவலகத்தை எட்டுமாயின் தமக்குக் கிடைத்திருந்த சிறு அரசுப் பணி போய்விடும் என்று அஞ்சினார். அன்று நாம் என்ன செய்தோம் என்பதை இங்கு எழுதப்போவதில்லை. ஆயர்களாகிய வாசகர் பலர் இதே இக்கட்டில் நின்றிருப்பார்கள். அந்த வாலிபரின் அச்சத்துக்கும் நாம் மேடைகளில் புகழ்ந்து பேசிவந்த துறவுக்கும் தொடர்பு உண்டு என்பது அன்று நமக்குத் தெரியாது.

முதலில் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. இன்று தனித்தொகுதி என்றால், அட்டவணைச் சாதியினர் அல்லது பழங்குடியினர் மட்டும் போட்டியிட, தொகுதியிலுள்ள அனைவரும் வாக்களிக்கும் தொகுதியையே குறிக்கிறோம். ஆங்கில ஆட்சிக் காலத்துத் தனித்தொகுதி வேறு. அதில் வேட்பாளர் மட்டுமன்றி வாக்காளரும் ஒரே சமயத்தவராக இருப்பர். அவர்களுக்கெனத் தனி வாக்காளர் பட்டியலும் இருக்கும். 1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தம் இம்முறையை முஸ்லிம்களுக்கு அளித்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவருக்கும் 5 இடங்கள் இவ்வாறு கிடைத்தன. ஆனால் சொத்தோ வரியோ உடையவரே அன்று வாக்காளர். பண்ணையில் கூலி வேலை செய்த கிறிஸ்தவனுக்கு அந்த 5 இடங்களால் ஒரு வாக்கும் கிடைக்கவில்லை. இதனை நாம் நினைவில் இருத்திக்கொள்வது நலம். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

தனித்தொகுதியை முதலில் எதிர்த்தவர்கள் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே தலைசிறந்தவர்கள் ஆவர். சேலத்தில் 1876ஆம் ஆண்டு பிறந்த கே. டி. பால் அவர்களில் முதன்மையானவர். 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று செராம்பூரில் தோன்றிய தேசிய மிஷனெரி சங்கத்தில் உழைத்து, பின்னர் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் அகில இந்தியப் பொதுச்செயலராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவர். பட்டணத்து வாலிபருக்கு விளையாட்டரங்கும் வாசகசாலையும் நடத்திவந்த அச்சங்கத்தைக் கிராமத்துக்குக் கொண்டுசென்றவரும் அவரே. குடியானவனைக் கடனிலிருந்து மீட்காமல் அவனுக்கு நற்செய்தி கூறுவது குறைவுள்ள பணி என்று கண்டு, கூட்டுறவுக் கடன் சங்கங்களையும் கிராமச் சீரமைப்பையும் சங்கத்தின் வேலைத் திட்டத்தில் சேர்த்தார். மார்த்தாண்டத்தில் பிற்காலத்தில் புகழ்பெற்ற சீரமைப்பு நிலையம் அந்த நோக்கிலிருந்து பிறந்ததே.

இத்தகைய ஒருவர் அரசியலை அணுகிய முறையும் அவ்வாறே இருந்தது. கிறிஸ்தவன் நாட்டு மக்களோடு கலந்து நின்று தொண்டு செய்யவேண்டியவன். தனக்கெனச் சுவர் எழுப்பிக்கொண்டால் அவனுடைய சாட்சி சுவருக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது பாலின் துணிபு. 1930ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய முதலாம் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவரின் பிரதிநிதியாகச் சென்றபோதும் அவர் தனித்தொகுதிக்கு எதிராகவே நின்றார். உடல் நலிந்து திரும்பியவர் 1931 ஏப்ரலில் மறைந்தார். ஐம்பத்தைந்து வயதே ஆகியிருந்தது.

அவருடைய உடனூழியரும் நண்பருமான பேராயர் வி. எஸ். அசரியாவின் எதிர்ப்பு இன்னும் ஆழமான இறையியல் அடிப்படை உடையது. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் திருநிலைப்படுத்தப்பட்டு, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவின் மந்தை, தோர்ணக்கல் பகுதியின் மாலா, மாதிகா மக்கள் ஆவர். அவர்களிடையே பதினாயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. திருச்சபை பிறப்பினால் அமைந்த ஒரு கூட்டமன்று. பல குலத்திலிருந்தும் அழைக்கப்பட்டோரின் ஐக்கியம். அதற்குத் தனித் தொகுதியும் தனி வாக்காளர் பட்டியலும் கொடுத்தால் நாட்டின் சாதிகளோடு அதுவும் ஒரு சாதியாகிவிடும் என்று அவர் கண்டார். மேலும், ஒருவன் ஞானஸ்நானம் பெறும்போதெல்லாம் ஒரு கட்சிக்கு ஒரு வாக்கு கூடிற்று என்று அயலார் எண்ணத் தொடங்கினால் நற்செய்திப் பணியின் தூய்மை கெடும் என்றும் அஞ்சினார். அந்த அச்சம் வீண்போகவில்லை. 1930களில் காந்தியடிகளும் பிறரும் மதமாற்றத்தைத் தலைக்கணக்காகவே நோக்கிப் பேசியது அனைவரும் அறிந்ததே.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தஞ்சையைச் சேர்ந்த வழக்கறிஞரும் நீதிக்கட்சித் தலைவருமான ஏ. டி. பன்னீர்செல்வம், 1931ஆம் ஆண்டு நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் தனித்தொகுதியை வலியுறுத்தினார். முஸ்லிம்கள், தாழ்த்தப்பட்டோர், ஆங்கிலோ-இந்தியர், ஐரோப்பியர் ஆகியோரின் பிரதிநிதிகள் செய்துகொண்ட சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் அம்பேத்கரோடு அவரும் கையொப்பமிட்டார். அதே மாநாட்டில் இருந்த எஸ். கே. தத்தா இதற்கு மாறான கருத்துடையவர். நம் புரொட்டஸ்டண்டு நூல்களில் பன்னீர்செல்வத்தைக் குறுகிய நோக்கினர்போல் காட்டும் வழக்கம் உண்டு. அது நியாயமன்று. பொதுத்தொகுதியில் ஒரு கிறிஸ்தவனை வேட்பாளராக நிறுத்த எக்கட்சி முன்வரும் என்ற அவர் தரப்பின் கேள்விக்கு மறுமொழி கூறுவது இன்றும் எளிதன்று.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டார். அடுத்த மாதமே பூனா ஒப்பந்தத்தின் வழியாகத் தாழ்த்தப்பட்டோரின் தனித்தொகுதி, பொதுத்தொகுதிக்குள் ஒதுக்கப்பட்ட இடங்களாக மாற்றப்பட்டது. கிறிஸ்தவருடைய தனித்தொகுதியோ பாலும் அசரியாவும் விரும்பாதபோதிலும் நிலைத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவருக்கு உரியவையாயின.

இங்கேதான் பெரும்பாலோர் கவனியாமற்போன ஒரு செய்தி உள்ளது. அச்சட்டத்தை ஒட்டி 1936ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட அட்டவணைச் சாதிகள் ஆணையில், இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்ற விதி இடம்பெற்றது. கிறிஸ்தவருக்குத் தனிப் பட்டியல் இருந்தமையால், ஒருவருடைய பெயர் ஈரிடத்தில் வரலாகாது என்ற நிருவாக நோக்கும் இதில் அடங்கியிருந்தது என்று கருத இடமுண்டு. எவ்வாறாயினும் விளைவு ஒன்றே. ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், ஆதிதிராவிடர் என்ற முறையில் பெறக்கூடியதை இழந்து, கிறிஸ்தவர் என்ற முறையில் தமக்கு வாக்குரிமையே அரிதாக இருந்த 8 இடங்களில் பங்காளி ஆக்கப்பட்டார். கொடுக்கப்பட்டதும் பறிக்கப்பட்டதும் ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகள் என்று நாம் கொள்கிறோம்.

இனி விடுதலைக்குப் பிந்திய நாட்களுக்கு வருவோம். அரசியல் நிர்ணய சபையின் துணைத்தலைவராகவும் அதன் சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவராகவும் விளங்கியவர் வங்காளக் கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, பிற்காலத்தில் மேற்கு வங்காள ஆளுநராகப் பதவி வகித்து மறைந்தவர். 1947 ஆகஸ்டு இறுதியில் சபை தனி வாக்காளர் முறையை அடியோடு நீக்கியது. ஆயினும் மத்திய சட்டமன்றத்திலும் சென்னை, பம்பாய் மாகாண மன்றங்களிலும் கிறிஸ்தவருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களை ஒதுக்க அப்போது இசைந்தது. இதற்குச் சரியாக ஒரு மாதத்திற்குப் பின், செப்டம்பர் 27ஆம் நாள், சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அந்த மகிழ்ச்சியில் திளைத்திருந்த நம் முன்னோர் தில்லியில் நடைபெற்றதை எவ்வளவு கவனித்தார்கள் என்பது ஆராயத்தக்கது.

சமய உரிமை பற்றிய விவாதம் 1948 டிசம்பர் 6ஆம் நாள் நடைபெற்றது. சமயத்தைப் பரப்பும் உரிமை என்ற சொல்லை நீக்கவேண்டும் எனச் சிலர் வாதாடியபோது, டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விநிலையங்களில் பயின்றதாகவும், தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்றும் கூறி அச்சொல்லை ஆதரித்தார். சென்னை மாகாணத்துக் கிறிஸ்தவப் பள்ளிகளும் கல்லூரிகளும் நூறாண்டுகளாகச் செய்த தொண்டுக்கு இதைவிட நல்ல சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது. பாலும் அசரியாவும் நம்பியவாறே, தொண்டினால் பெற்ற நன்மதிப்பு சட்டசபை இடங்களால் பெறமுடியாததைப் பெற்றுத் தந்தது எனலாம். இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

முடிவான நாள் 1949 மே 11. சர்தார் பட்டேலின் தலைமையில் கூடிய ஆலோசனைக் குழுவில், சட்டமன்றங்களில் எச்சமூகத்திற்கும் இட ஒதுக்கீடு வேண்டாம் என்ற தீர்மானத்தை முகர்ஜியே கொணர்ந்தார். சமயச் சார்பற்ற அரசை நாம் உண்மையாகவே நாடுவோமாயின், சமயத்தை அடிப்படையாகக் கொண்ட சிறுபான்மையினரை அரசியலில் அங்கீகரிக்க இயலாது என்பது அவருடைய வாதம். சென்னை இலயோலாக் கல்லூரியோடு தொடர்புடைய இயேசு சபைக் குருவான ஜெரோம் டிசூசாவும் சபையில் இதனை ஆதரித்துப் பேசினார். அம்மாத இறுதியில் சபை அதனை ஏற்றுக்கொண்டது. பிரிவினையின் இரத்தம் உலராத அந்நாட்களில், ஒரு சிறுபான்மைச் சமூகம் பெரும்பான்மையினரை இவ்வளவு நம்பியது அற்பச் செயலன்று. முகர்ஜியின் நேர்மையை ஐயுற நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் அதே அறையில் அதே நாளில் நிகழ்ந்த வேறு இரு செயல்களையும் நம் மேடைகள் சொல்லுவதில்லை. முதலாவது, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தாழ்த்தப்பட்டோர் தலைவர் வி. ஐ. முனிசாமிப் பிள்ளை, முகர்ஜியின் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். அட்டவணைச் சாதியினரின் ஒதுக்கீட்டை மட்டும் இத்தீர்மானம் தொடலாகாது என்பது அத்திருத்தம், அது ஏற்கப்பட்டது. இரண்டாவது, சீக்கியர் தலைவர்கள் தங்கள் இட ஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்க ஒரு நிபந்தனை விதித்தார்கள். தங்களிடையே தாழ்த்தப்பட்டோராக இருந்த மசபி, ராமதாசி, கபீர்பந்தி, சிக்லிகர் ஆகிய பிரிவினர் அட்டவணைச் சாதிப் பட்டியலில் சேர்க்கப்படவேண்டும் என்று கேட்டார்கள், அதுவும் ஏற்கப்பட்டது.

நம்மவர் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. நிபந்தனையின்றிக் கொடுத்ததையே நாம் இதுகாறும் பெருமையாகக் கருதிவந்தோம். முனிசாமிப் பிள்ளை தம் மக்களுக்காகப் பேசினார். சீக்கியர் தம்மில் எளியோருக்காகப் பேசினார்கள். 1936ஆம் ஆண்டின் விலக்கு விதியை நீக்கவேண்டும் என்ற கோரிக்கையை அந்த வேளையில் முகர்ஜியின் தீர்மானத்தோடு இணைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது வரலாற்று மாணவனின் வேலையன்று. அவ்வாறான திருத்தம் ஒன்றும் குழுவின் அறிக்கையில் காணப்படவில்லை என்பதைக் குறிப்பிடுவது அவன் வேலை.

பின்னர் நடந்தது தெரிந்ததே. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினின்று வேறுபட்ட சமயத்தைச் சார்ந்தவர் எவரும் அட்டவணைச் சாதியினர் ஆகார் என்றது; மேற்கூறிய நான்கு சீக்கியப் பிரிவினருக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தது. 1936ஆம் ஆண்டு விதிக்கு, கிறிஸ்தவருக்கென வேறு இடங்கள் இருந்தன என்ற சாக்காவது இருந்தது. 1950இல் அந்த இடங்களும் இல்லை. விலக்கு மட்டும் எஞ்சியது. 1956இல் சீக்கியர் அனைவரும், 1990இல் பௌத்தரும் அப்பத்தியில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருப்பதை வாசகர் அறிவர்.

உச்சநீதிமன்றம் 1985ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பு ஒன்றை நம் மாணவர் அனைவரும் படிக்கவேண்டும். சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்துவந்த கிறிஸ்தவர் ஒருவர், அத்தொழில் செய்யும் அட்டவணைச் சாதியினருக்கு அரசு இலவசமாக அளித்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சாதியினால் வரும் இழிவுகள் கிறிஸ்தவ சமயத்திலும் அதே கொடுமையோடு தொடருகின்றன என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை எனக் கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

அச்சான்று எங்கே இருந்தது? நம்மிடமே இருந்தது. சாதி வேறுபாட்டைச் சபைகளிலிருந்து நீக்கவேண்டுமென்று பேராயர் டேனியல் வில்சன் சுற்றுமடல் எழுதியது 1833ஆம் ஆண்டு. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நின்ற ஊர்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆனால் அதனைப் பொதுமன்றத்தில் ஒப்புக்கொள்ளத் திருச்சபைக்கு நாவெழவில்லை. கிறிஸ்துவுக்குள் சாதியில்லை என்று பிரசங்கபீடத்திலிருந்து சொல்லிவந்தோம். அது விசுவாச அறிக்கை என்ற அளவில் மெய். அதே வாக்கியத்தை நீதிமன்றம் நாட்டு நடப்பென எடுத்துக்கொண்டபோது, நம்மில் மிக எளியவர் தம் பெட்டிக்கடையை இழந்தார். பொதுவாழ்வில் கிறிஸ்தவ விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது என்பதில் பாவ அறிக்கையும் ஒரு பகுதி என்பதை நாம் மிகப் பிந்தியே கற்றோம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் இதே பொருளை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் தலைமையில் மற்றொரு ஆணையம் அமைக்கப்பட்டது. இத்தகைய ஆணையங்களுக்கு முன் திருச்சபை என்ன சாட்சி கூறுகிறது என்பது இன்னும் நம் கையிலுள்ள காரியம்.

எபூசியனாகிய அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தபோது தாவீது மறுத்தார். தமக்குச் செலவில்லாத பலியைக் கர்த்தருக்குச் செலுத்த அவர் மனம் இசையவில்லை. 1949ஆம் ஆண்டின் துறவைப் பிலிப்பியர் நிருபத்தோடு ஒப்பிடுமுன், 2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தோடு ஒப்பிட்டிருக்கலாம் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. கல்வியும் பதவியும் உடைய தலைவர்களுக்கு அந்த இடங்கள் போனதால் பெரிய இழப்பில்லை, முகர்ஜி ஆளுநரானார். கிறிஸ்து துறந்தது தமக்குரியதை. தம்மைக் கேளாதபடி தம் பெயரால் துறக்கப்பட்டதற்கு விலை செலுத்தியவர்கள், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அஞ்சும் அந்த வாலிபரைப் போன்றவர்கள்.

இவ்வாறு கூறுவதால் பாலும் அசரியாவும் தவறினார்கள் என்று நாம் சொல்லவில்லை. தனித்தொகுதி நீடித்திருந்தால் திருச்சபை இன்று பேரம் பேசும் ஒரு கட்சியாகச் சுருங்கியிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆங்கிலோ-இந்தியருக்கான நியமன இடங்கள் 2020 ஜனவரி வரை நீடித்தன. அவற்றால் அச்சமூகத்து ஏழையருக்கு நேர்ந்த பயன் என்ன என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. அசரியாவின் இறையியல் சரியானது. ஆனால் திருச்சபை ஒரு சாதியாகிவிடலாகாது என்று அவர் சொன்னதை, திருச்சபைக்குள் சாதியே இல்லை என்பதுபோல் அவருக்குப் பின்வந்தோர் எடுத்துக்கொண்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம் வகுப்பறைகளில் நாமும் பல ஆண்டுகள் தெளிவாக விளக்கவில்லை.

1932 முதல் 1950 வரை நம் பேராயங்களின் மன்றங்களிலும் சேகரக் கூட்டங்களிலும் இப்பொருள் எவ்வாறு பேசப்பட்டது, உபதேசியார்களும் கிராமச் சபை மூப்பர்களும் எப்போதேனும் கருத்துக் கேட்கப்பட்டார்களா என்பதைக் குறித்துத் தமிழில் விரிவான ஆராய்ச்சி தேவை. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்திலும் நம் பேராய அலுவலகங்களின் அலமாரிகளிலும் நடவடிக்கைக் குறிப்பேடுகள் உள்ளன. அவற்றுள் சில செல்லரித்துக்கொண்டிருப்பதை நேரில் கண்டோம். இறையியல் இளங்கலை மாணவர் இருவர் அல்லது மூவர் தத்தம் பேராயத்தின் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு அவ்வாண்டுகளை மட்டும் படித்துப் பார்ப்பார்களாயின், அவர்கள் காண்பதை இவ்விதழில் வெளியிட ஆசிரியர் குழு இடமளிக்கும் என்று நம்புகிறோம்.